முதல் பரிசு வாங்கிய பாட்டில்கள்

"சுற்றுச்சூழல் விழாவுக்கு வந்த கெஸ்ட் முன்னாடியே சர்டிஃபிகேட்டைக் கிழிச்சுப் போட்டிருக்கா உங்க பொண்ணு!" தலைமையாசிரியை யூனிஸ் கத்தினார்.

தான் வேலை செய்யும் பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பெர்மிஷன் கேட்டு ஓடிவந்திருந்த சங்கமித்ராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் இதழினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பிளாஸ்டிக் பாட்டில் சேகரிக்கிற போட்டியில உங்க நைன்த் கிளாஸ்தானே ஜெயிச்சுது? அப்புறம் என்னடி திமிரு?"

"நாங்க எங்கம்மா சேகரிச்சோம்? பசங்க குப்பையில கை வைக்கக் கூடாதுன்னு, எங்க கிளாஸ் கிரணோட அப்பாவே கடையிலிருந்து பெட்டி பெட்டியா வாங்கி அனுப்பிட்டாரு."

"அவரு காசு, அவரு வாங்குறாரு. உனக்கென்ன?"

இதழினியின் குரல் உடைந்தது. "எல்லாம் புது தண்ணி பாட்டில்மா. காலி பாட்டிலைத்தான் எண்ணுவாங்கன்னு, அத்தனை தண்ணியையும் இந்த மேடமே சாக்கடையில ஊத்தச் சொன்னாங்க. நானும் ஊத்தினேன்."

சங்கமித்ராவின் கை மகளின் தோளிலிருந்து நழுவியது. அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் டேங்கர் வந்து ஒரு வாரமாகிறது.

"நிஜமா மேடம்?"

யூனிஸ் குரலைத் தாழ்த்தினார். "ஸ்டேட் லெவலுக்கு செலக்ட் ஆயிருக்கோம்மா. ஸ்கூல் பேரு முக்கியம். இதை வெளியில பேசாதீங்க."

"வெளியிலதான் பேசப் போறேன்." சங்கமித்ரா மகளின் கையைப் பிடித்தாள். "வாடி, அந்த கெஸ்ட் இன்னும் சாப்பிட்டுட்டுதான் இருக்காரு."