கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் கீபோர்டு

ஸ்பேஸ் பாரைக் கழற்றியதும் அரிசி உதிர்ந்தது.

ஏழெட்டு மணிகள். மஞ்சளாகிக் கிடந்தன.

அவள் அவற்றை உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டாள்.

பிள்ளை வயிற்றிலிருந்தபோது பச்சரிசி மெல்லும் ஆசை அவளுக்கு. டப்பாவில் ஒரு கை, கீபோர்டில் ஒரு கை.

கீபோர்டு நேற்றுத்தான் வந்தது. கொண்டுவந்தவள் தாரணி, கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருப்பவள். பழைய கீபோர்டுகளை இவள் சரிசெய்யும் வீடியோவைப் பார்த்து, பீளமேட்டிலிருந்து தேடி வந்திருந்தாள். முப்பதாம் ஆண்டு விழாவாம். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்களாம். முதலாளி பத்மநாபன் ஐயா முதல் தமிழ் சாஃப்ட்வேரை எழுதியது இதில்தானாம்.

மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு அறைதான் அப்போது கம்பெனி. பத்மநாபன் ஆர்டர் பிடிக்க அலைவார்.

எழுதியது அவள்.

ஏழாம் மாதத்தில், பிரசவம் முடித்து வரச் சொன்னார். சீட் அப்படியே இருக்கும் என்றார்.

கைக்குழந்தையோடு போய் நின்றாள். சீட் இருந்தது. வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் அந்த சாஃப்ட்வேருக்குப் புதிதாய் அச்சான அட்டைப்பெட்டி.

உருவாக்கியவர்: ஆ. பத்மநாபன்.

குழந்தை அழுதது. திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பாலிடெக்னிக் லேபில் இருபத்தாறு வருடம். பழுதான மெஷின்கள்.

அறுந்துபோன இரண்டு இணைப்புகளுக்கு ஈயம் வைத்தாள். கீகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்துகள், தாளில் மையால் எழுதி டேப் ஒட்டியவை. அவற்றின்மேல் ஈரம் படக் கூடாதென்று தாரணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஐயாவின் கையெழுத்தாம்.

தன் எழுத்தைச் சுற்றி, படாமல் துடைத்தாள்.

காலையில் தாரணி வந்தாள். கீகளைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றில் மட்டும் தமிழ் எழுத்து இல்லை. நேற்று வரும்போதே இல்லை என்று அவள் தாரணியிடம் சொன்னாள்.

"நீங்களே ஒண்ணு எழுதி ஒட்டிருங்க மேடம். ஐயா எழுத்து மாதிரியே இருக்கோணும்."

அவள் தாளை நறுக்கினாள். பேனாவை எடுத்தாள்.

ஞ.

வால் தானாகவே சுழிந்தது.

தாரணி குனிந்து பார்த்தாள். பக்கத்து எழுத்தைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள்.

அவள் பேனாவை மூடினாள்.

"அச்சு அசல் ஐயா எழுத்துங்க!"

உடனே படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஐயாவுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி, வாய்விட்டுச் சொல்லியபடி தட்டினாள்: மரகதமணி மேடம் அப்படியே எழுதிட்டாங்க ஐயா.

தன் பெயர் அந்த போனுக்குப் போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு டிக்கும் நீலமாயின.

டைப் செய்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது.

தாரணிக்குக் கொடுத்த காபி ஆறிவிட்டது.

பதில் வந்தபோது தாரணி அதை இரண்டு முறை படித்தாள். முகம் சுருங்கியது.

"தமிழ் எழுத்து எல்லாத்தையும் எடுத்துரச் சொல்றாருங்க மேடம். ஒண்ணுகூட இருக்கக் கூடாதாம்."

ஏனென்று தாரணிக்கு விளங்கவில்லை. மரகதமணியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

மரகதமணி மேஜை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தாள். தாரணியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீயே எடு, கண்ணு."