கடைசிப் பேருந்து

ஒத்திகை முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் மாதா கோயில் திடலில் நின்ற பேருந்துகளிலிருந்து சனம் சிரிப்பும் பேச்சுமாக இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தது. ரெஜினாள் மட்டும் கடைசிப் பேருந்தை விட்டு இறங்கவில்லை. மடியில் கைப்பிள்ளை, காலடியில் சாக்குக்குள் இரண்டு கோழி. அணு உலையில் ஏதாவது ஆகிவிட்டால் ஊரைக் காலி செய்ய முடியுமா என்று சோதிக்க வந்த அணுசக்தி ஆணைய அதிகாரி இன்பசேகரனுக்கு எரிச்சலாக வந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்த நாளில் இப்படி ஒருத்தி. பேருந்துக்குள் ஏறி அவளிடம் வந்தார். "சும்மா பழகிப் பாக்கத்தாம்மா. பயப்படாம எறங்குங்க." அவள் சன்னல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே வெடிச்சாலும் ஒத்திகைன்னுதானே சார் சொல்லுவீய?" பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு அப்போதுதான் உறைத்தது, உலைப் பக்கம் அபாயச் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அறிவிப்புக்கு முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். அந்த அறைப் பொறுப்பாளரின் கைபேசிக்குப் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. டிரைவர் இருக்கை காலியாகக் கிடந்தது. வெளியே, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் உலை இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது. இன்பசேகரன் படிக்கு ஓடி, "போகாதீங்க! திரும்பி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சனத்தின் பேச்சிலும் சங்குச் சத்தத்திலும் அது யார் காதிலும் சரியாக விழவில்லை. யாரோ ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்து, சிரித்தபடி கையாட்டிவிட்டு நடந்தார். ரெஜினாள் கோழிச் சாக்கைக் காலால் ஒதுக்கி, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.