டிகோடர் மாற்ற வந்தவள்

"இன்னிக்கும் அவளை அந்த ரூமுக்குள்ளதான் உட்கார வைக்கப் போறீங்களா?"

மனைவி வேதாவின் குரலில் இருந்த சூடு விஸ்வநாத்துக்குப் புரிந்தது.

"புது டிகோடர் வந்துடுச்சு வேதா. ரோஸ்லின் மாட்டிக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

"போன ஞாயித்துக்கிழமையும் இதேதான் சொன்னீங்க. ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கிச்சன் வரைக்கும் கேட்டுது."

வெளியூரிலிருந்து வந்து குகட்பள்ளியில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில், மாடி வீட்டுக்காரி ரோஸ்லின். சனத்நகரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அவனுடைய மாடல் ரயில் எஞ்சினில் டிகோடர் எரிந்துபோனது. கையிலிருக்கும் கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட வைக்கும் நகத்தளவு சர்க்யூட் அது. அதில் கைவைக்க அவனுக்குத் தைரியம் இல்லை. ரோஸ்லினுக்கோ அதுதான் தொழில்.

காலிங்பெல் அடித்தது.

"என்ன வேதா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் ரோஸ்லின்.

"வாங்க வாங்க, பார்சலைப் பிரிச்சே வச்சிருக்கேன்" என்று அறைக்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டான் விஸ்வநாத்.

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் கருகிய டிகோடரை எடுத்தாள் அவள். அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அருகில் குனிந்தான்.

"சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மாத்தி ஒட்டினா புகைதான் வரும் சார்."

"உங்க கையில புகை வருமா?"

ரோஸ்லின் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து வேதா காபியோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காபி ஆறிடும்."

"வச்சிரு வேதா. இந்த ஒரு ஒயர்தான், வந்துடறேன்" என்றாள் ரோஸ்லின்.

"உனக்கு எப்பவும் இந்த ஒரு ஒயர்தான்."

டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் காபி சிந்தியது. வேதா திரும்பிப் பார்க்காமல் போனாள். சற்று நேரத்தில் சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.

ரோஸ்லின் கடைசி ஒயரையும் ஒட்டி, எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தாள். முன்விளக்கு எரிந்தது. எஞ்சின் மெல்ல நகர்ந்து வளைவில் திரும்பியது. அவள் குழந்தை மாதிரி கைதட்டினாள். அவனால் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு பொம்மை ரயிலுக்காகக் குடும்பத்தில் நிம்மதி போக வேண்டுமா?

"ரோஸ்லின், தப்பா நினைக்காதீங்க. இனிமே நீங்க எங்க வீட்டுக்கு வர வேண்டாம்."

"ஏன் சார்?"

"வேதாவுக்குப் பிடிக்கலை."

அவள் முகம் சட்டென்று மாறியது. "வேதாவா அப்படிச் சொன்னா?"

வேதா அப்படிச் சொல்லவில்லைதான். ஆனாலும் விஸ்வநாத் தலையாட்டினான்.

ரோஸ்லின் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினாள். விறுவிறுவென்று வெளியேறினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போவதை அவன் பார்த்தான்.

மனதில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனான்.

"வேதா, இனிமே ரோஸ்லின் இங்க வரமாட்டா."

"என்ன?"

"அவ வர்றது உனக்குப் பிடிக்கலைன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். எனக்கு உன்னைவிட யாரும் பெரிசில்லை. இனிமேலாவது என்னைச் சந்தேகப்படாதே."

வேதாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் கண்கள் கலங்குவதைப் பார்த்து, நெகிழ்ந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

"உங்களை யாருங்க சந்தேகப்பட்டா?" என்றாள் அவள். "இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷத்துல, என்கூடப் பேசணும்னே நம்ம வீட்டுக்கு வந்த ஒரே சிநேகிதி அவதான், அவளை நீங்க பிடிச்சு வச்சுக்கிட்டீங்களேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சலே."