கடிகாரத்துக்குப் பின்னால்

கிரிக்கெட் ஓடினால் முதுகைக் காட்டித் தூங்கும் பூனை, ஒலிம்பிக்ஸ் தொடங்கியதிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்தே இருந்தது. டிவிக்கு மேலே, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு அது சரியாகப் படவில்லை.

“நிஜமாவே டிவியைத்தான் பாக்குறியா?” என்றது பல்லி, தலையைக் காட்டாமல்.

“ஆமா. உயரம் தாண்டுறாங்க.”

“எலிக்கே தாவாதவன் நீ. உனக்கெதுக்கு இதெல்லாம்?”

“தெரியல. அந்த மஞ்சச் சட்டைப் பொண்ணு, ஓடுறதுக்கு முன்னாடி தொடையை ரெண்டு தட்டு தட்டிக்கிறா. அதைப் பாத்தா எழுந்திருக்க மனசு வரல. ஏற்கெனவே ரெண்டு தடவை கம்பைத் தள்ளிட்டா. இதுதான் கடைசி வாய்ப்பு. பல்லி சொன்னா பலிக்கும்னு இந்த வீட்டுல சொல்வாங்களே, அவளுக்காக ஒரு தடவை சொல்லேன்.”

சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான் என்று பல்லி வாயை இறுக்கிக்கொண்டது.

அந்தப் பெண் ஓடத் தொடங்கினாள். பல்லி தன்னையறியாமல் எட்டிப் பார்த்தது. அவள் கால் தரையை விட்டதும் “த்ச், த்ச்” என்று சொல்லியேவிட்டது.

அவள் தாண்டிவிட்டாள். கம்பு அசையவில்லை.

“ஐயோ, இடத்தைக் காட்டிக் குடுத்துட்டேனே!” என்று பல்லி வெலவெலத்தது.

“உன் வால் பத்து நாளா வெளியேதான் தொங்குது” என்றது பூனை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்புறம் ஏன் பிடிக்கல?”

“உன்னைப் பிடிக்கிற நேரத்துல யாராவது தாண்டிட்டா?”

பதக்கம் கொடுத்து முடிந்ததும் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். பூனை சோம்பல் முறித்து, மணி பார்ப்பதுபோல, மெல்ல நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தது.