மலாவியிலிருந்து முதல் போன்

போன் அடித்தபோது அண்ணாவைக் குளிப்பாட்டி ஹாலில் கிடத்தியிருந்தோம்.

பிரபாதான். வீடியோ கால்.

அண்ணாவின் ஒரே பெண். டாக்டர். ஆப்பிரிக்காவில், மலாவியில், ஏதோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமல் மூன்று மாதம் வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறாள். இன்றுதான் அங்கே முதல் நாள். இங்கே டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் மணி நாலு. அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளை. முதல் நாள் கதையெல்லாம் அப்போது சொல்கிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எடுங்கோ மன்னி. ஆனா எதுவும் சொல்லிடாதீங்கோ" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் இந்த வேலை எனக்குத்தான். சாவு விழுந்தால் 'சேஷனைக் கேளு' என்பார்கள். வெளியூரில் இருப்பவர்களிடம் போனில் சாவைச் சொல்லக் கூடாது. 'கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்சத்தை வாசலில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். எங்கள் அப்பா போனபோது டெல்லியிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, அவருக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் இறங்கியவன் நான். அதில் ஒரு நியாயம் இருப்பதாக இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரபாவிடம் 'சீரியஸ்' கூடச் சொல்ல வழியில்லை. ஒரு பஸ், இரண்டு விமானம், வந்து சேர மூன்று நாள். அதுவரை வைத்திருக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ஐந்தரைக்கு லோதி ரோடு மயானத்தில் நேரம் குறித்தாயிற்று. கண் காணாத ஊரில் குழந்தை தனியாக உட்கார்ந்து அழுவானேன்? அவளோடு வேலை செய்கிறவர் யாரையாவது பிடித்து, பக்கத்தில் உட்காரச் சொல்லி, நாளைக்கு மெல்ல விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

மன்னி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்து எடுத்தாள்.

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார். பத்துப் பேர் இருந்த ஹாலில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

பிரபா வழக்கம்போலப் படபடவென்று கொட்டினாள். ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகளாம். ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டதாம். நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் ஆஸ்பத்திரி முற்றத்திலேயே கல் அடுப்பு மூட்டி, சோளமாவில் களி கிளறுகிறார்களாம். இவளுக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்களாம். தொட்டுக்கொள்ள அம்மாவின் வத்தக்குழம்பு இருந்தால் இன்னொரு உருண்டை தின்றிருப்பாளாம்.

மன்னி எல்லாவற்றுக்கும் 'அச்சா, அச்சா' என்றாள். வத்தக்குழம்புக்குச் சிரிக்கவும் சிரித்தாள்.

நாலடி தூரத்தில் அண்ணா படுத்திருந்தார். காலையில் பால் வாங்கி வந்தவர் மாடிப்படியில் உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். ரிடையராக இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

மன்னியை அப்படிச் சிரிக்க வைத்த பாவி நான்தான்.

"அப்பா எங்கேம்மா? அவர்கிட்ட குடு."

மன்னி என்னைப் பார்த்தாள். போனைத் திருப்பினால் போதும், பெண் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிடுவாள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் அதுவும் கிடையாது.

நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

"தூங்கறார்டி" என்றாள் மன்னி.

குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. இத்தனை சாவுக்குப் பொய் சொன்ன நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.



லைன் போய்விட்டதோ என்று ஓரமாக எட்டிப் பார்த்தேன். போகவில்லை. பிரபா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபாவின் கண் வீங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நேரம் பேச்சைத்தான் கேட்டோம், யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலையில இங்க ஒரு குழந்தை போயிடுத்தும்மா" என்றாள். "என் கையில. அதோட அம்மா ஓடி வந்து கேட்டா. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லே. தூங்கறதுன்னு சொல்லிட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள்.

"அவ நம்பலம்மா. போனைத் திருப்பு."

மன்னி இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பினாள்.