தவித்த கல்

காடு முழுக்க வாய்க்கால் வெட்டும் திட்டம் வந்தது. எங்கெங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க யானை அதிகாரி மேட்டுக்கு வந்தார். போன திட்டத்துக்கும் வந்தார்தான். தரை அதிர்ந்ததும் அங்கிருந்த எறும்புத்தின்னிகள் வழக்கம்போல உருண்டையாகச் சுருண்டுகொள்ள, "வெறும் கல்" என்று போய்விட்டார்.

இந்த முறை செதிலி என்ற தாய் எறும்புத்தின்னிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. சுருளக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். அதிர்வு நெருங்கியதும் உடம்பு கேட்கவில்லை. மற்றவர்களைப் போலவே குட்டியோடு சேர்த்துச் சுருண்டுவிட்டாள்.

"இங்கேயும் கல்தாம்ப்பா. வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பிடு," என்று யானை கூட வந்த உதவியாள் நரியிடம் சொன்னார்.

சுருளுக்குள் குட்டி, "தண்ணிம்மா..." என்று முனகியது.

செதிலி மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள்.

"ஐயா, கல்லுக்குத் தண்ணி தவிக்குமாங்க?"

யானை தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார்.

"எங்களுக்கும் தவிக்குதுங்க," என்றது அந்தக் காலுக்கு அடியிலிருந்த கல்.