கீர்த்தியின் வருஷம்

கீர்த்தி காய்ச்சலில் போய் அன்றோடு ஒரு வருஷம். மகளுக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பும் சோறும் இலையில் படைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு பானைத் தண்ணீர் வைத்துவிட்டு, திருமலையும் கன்னியம்மாவும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிடும்வரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

சற்று நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். சொம்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இலையில் ஒரு பருக்கை இல்லை. மீன் முள்கூட இல்லை.

“இம்மாம் பசியா அதுக்கு?” என்றாள் கன்னியம்மா.

காலேஜில் படித்த ஏதோ ஒரு கிரகத்தைப் பற்றி மகள் ஓயாமல் சொல்வாள். “வியாழன் மாதிரி பெருசு நைனா. அதோட சூரியன ஒட்டிக்கினே சுத்துது. ஒரே அனலு. அங்க மூணு நாளுதான் ஒரு வருசம். செத்தா நான் அங்கதான் போவேன்.”

“வாயக் கழுவு” என்று அதட்டியிருந்தான் திருமலை. உட்காரவைத்து இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

“மூணு நாளுக்கு ஒரு வருசம்னா, நூத்தியிருவது தெவசத்துக்கு மேல வுட்டுட்டோம் கன்னியம்மா” என்றான்.

அவள் மறுபடி உலை வைத்தாள். இரண்டாவது இலை போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இழுத்துச் சாத்தும்போது கதவின் கொண்டி கையைச் சுட்டது. திருமலை கையை எடுக்கவில்லை.